பானெட்டின் இடது பாதி

கார்களுக்கு மெழுகு போடும் எங்கள் கடைப் பலகையில் கடையின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "எங்கள் மெழுகு ஆறு மாதம் நிற்கும்." கடை திறந்த அன்று என் அப்பா தன் கையால் எழுதிய வரி. நாற்பத்தெட்டு வருடங்களில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் நிமிர்ந்தே நடந்தேன்.

முதலில் கேட்டவர் என் சம்பந்தி.

அவருடைய ஒரே மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். அவரும் கார் துறைதான், ஆனால் வேறு ரகம். கண்ணாடிச் சுவர், ஏசி, சீருடை போட்ட ஆட்கள். மெழுகைத் தொடவே மாட்டார்கள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள்; அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்தால் பெயின்டின் மேல் கெட்டியாக ஒரு படலம் உட்காரும். எங்கள் வீட்டில் அவருக்குப் 'பாட்டில்காரர்' என்று பெயர். அவர் எங்கள் கடையை 'மெழுகுவர்த்திக் கடை' என்று சொல்வதாக மகள் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. மெழுகு போட்டா பளபளப்பு வரும். யாரு இல்லன்னா? ஆனா ஆறு மாசம்ங்கறது... பலகைக்கு வாயில்லன்னு என்ன வேணா எழுதிடலாமா?"

"எழுதினது எங்கப்பா" என்றேன்.

"ஐயோ, அவரைச் சொல்லல. அவர் காலத்துல காரு ஷெட்டுக்குள்ளயே கெடக்கும். வாரத்துக்கு ஒரு தடவ தலைய நீட்டும். இப்ப வெயில்லயே பொறந்து வெயில்லயே வளருது."

"அப்ப வெயில்லயே நிறுத்திப் பாத்துடுவோம்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தட்டில் இருந்தது என்ன என்றே எனக்கு நினைவில்லை. வாசலில் என் மகளின் சிவப்புக் கார் நின்றது. தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அந்த வீட்டுக்கு ஷெட் கிடையாது. அவள் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவாள்; கார் பகல் முழுவதும் வெட்டவெளியில் காயும். அதன் பானெட்டை நடுவில் பிரித்து இடது பாதி எனக்கு, வலது பாதி அவருக்கு என்று முடிவாயிற்று. ஆறு மாதம் இரண்டு பேரும் கை வைக்கக் கூடாது.

"உங்க மெழுகு ஆறு மாசம் நின்னுட்டா, மெழுகுவர்த்திக் கடைன்னு சொன்ன இதே வாயால உங்க கடை வாசல்ல நின்னு மன்னிப்பு கேக்கறேன்" என்றார் சம்பந்தி.

"நிக்கலன்னா பலகையில அந்த வரி இருக்காது."

"அது என் காருப்பா" என்றாள் மகள். "என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"விடுடி" என்றார் சம்பந்தியம்மா. அவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஊர் உடைகளை எல்லாம் தைப்பவர். "ரெண்டு பெரியவங்களும் பானெட்ல பரீட்சை எழுதட்டும். நம்ம காரு ஓசியில மின்னட்டும்."

மறுநாள் காலை நிழலில் வண்டியை நிறுத்திக் கழுவினோம். கண்ணாடியின் அடியிலிருந்து முன்மூக்கு வரை நடுவில் டேப் ஒட்டினோம். நான் ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு மெழுகு எடுத்து முன்னும் பின்னுமாக நேர்க்கோட்டில் இழுத்தேன். எங்கள் குடும்பத்தில் வட்டமாகத் தேய்க்க மாட்டோம். காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, கையும் அப்படியே போகவேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். வட்டமாகத் தேய்த்தால் துணியில் இருக்கும் ஒரு துளி மண்கூடச் சுழிசுழியாகக் கீறிவிடும். சாய்ந்த வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும்.

மெழுகு காய்ந்து வெள்ளையாகப் பூத்ததும் விரலால் இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. பிறகு துடைத்தேன். எத்தனை ஆயிரம் கார் துடைத்திருப்பேனோ, அந்த நொடி மட்டும் எனக்குப் பழகியதே இல்லை. சிவப்பு மேலே மின்னாமல் உள்ளே இறங்கியது. இரும்புத் தகட்டில் ஒரு கிணறு திறந்தது போல ஆழம். அதற்குள் மேகம், மின்கம்பி, அதில் உட்கார்ந்திருந்த காகத்தின் அலகு வரை தெரிந்தது.

சம்பந்தி கையுறை மாட்டிக்கொண்டு சொட்டு விட்டார். ஆஸ்பத்திரி வாடை. அவர் பாதியும் மின்னியது, கண்ணாடி மாதிரி, கெட்டியாக. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெண் கொடுத்த வீட்டு வாசலில் நாளும் போய் நிற்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. எனவே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் போனேன். போய் ஒரு செம்புத் தண்ணீரைப் பானெட் மேல் ஊற்றுவேன். அவ்வளவுதான் சோதனை. மெழுகு உயிரோடு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக எழுந்து நிற்கும். வயதானால் முத்து தட்டையாகிப் பெரிதாகும். செத்துவிட்டால் பாய் விரித்தது போலப் படர்ந்து வழிந்துவிடும்.

முதல் மாதம் இரண்டு பக்கமும் முத்து. இரண்டாம் மாதம் அவர் பக்கம் அப்படியே இருக்க, என் பக்கம் முத்துகள் சோம்பல் பட்டுப் படுக்கத் தொடங்கியிருந்தன. சம்பந்தி குனிந்து பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி போட மாட்டார், வயது தெரிந்துவிடுமாம். ஆனால் படுத்த முத்தைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"பாவம், தூக்கம் வருது போல" என்றார்.

கடையில் என்னோடு வேலை செய்யும் என் மகன்தான் வண்டியை ஓட்டித் திரும்பினான். அப்போதுதான் ஒன்று புரிந்தது. எங்கள் கடையில் மெழுகு போட்ட எந்தக் காரையும் மூன்றாவது மாதத்தில் நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததே இல்லை. அப்பா பார்த்தாரா என்றும் தெரியாது. ஆறு மாதம் என்பதை நாங்கள் நம்பினோம். எப்படி நம்பினோம் என்று யோசித்தால், எழுதியிருந்தது, நம்பினோம்.

மூன்றாம் மாதம் செம்பை மெல்லத் தூக்கினேன். ஊற்றினேன்.

என் பக்கம் தண்ணீர் எழுந்து நின்றது. கடுகு மாதிரி, நெருக்கமாக, உருண்டையாக, முதல் நாளைவிட அழகாக. ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு குட்டிச் சூரியன். பானெட்டை லேசாகத் தட்டினேன். அத்தனையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின, ஒரு சொட்டு ஈரம் மிச்சமில்லை. நான் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படுத்த மெழுகு எழுந்து நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

"என்ன சம்பந்தி, தூங்கினவன் முழிச்சுட்டான் போலிருக்கே" என்றேன்.

அவர் குனிந்தார், விரலால் தடவினார், "ம்ம்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அது.

நான்காம் மாதமும் அப்படியே. ஐந்தாம் மாதமும் அப்படியே. இடையில் பெரிய மழை, பெரிய வெயில் எல்லாம் வந்து போயின. நான் கடைக்கு வந்து ஒரு விளக்கமே கண்டுபிடித்துவிட்டேன்: வெயிலில் மெழுகு இளகுகிறது, பெயின்டின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது, அங்கே வேர் பிடிக்கிறது, பிறகு மேலே வருகிறது. வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். மகனிடம் சொன்னேன். பலகையைப் பார்க்கும்போதெல்லாம், எழுதிய மனிதருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று மயிர்க்கூச்செறிந்தது. அதை ஒரு அற்புதம் என்றே எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருடம் மெழுகு பிடித்த கை, ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஆறாம் மாதம் தீர்ப்பு. நானும் மகனும் காலையிலேயே போய்விட்டோம். சம்பந்தி சாட்சிக்கு ஆள் கூட்டிவரப் போயிருந்தார். டாக்ஸிக்காரர் ஒருவர், ஸ்கூல் வேன் ஓட்டுபவர் ஒருவர். என் மகள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். வெயில் எதிர்வீட்டுக் கூரைமேல் தலைகாட்டிச் சாய்வாக விழுந்தது. கடைசியாக ஒருமுறை கண்குளிரப் பார்க்கலாம் என்று பானெட்டின் மட்டத்துக்குக் குனிந்தேன்.

சிலந்தி வலை.

என் பாதி முழுவதும் மெல்லிய சுழிகள், ஒன்றுக்குள் ஒன்றாக. வலது பாதியில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் சின்னக் குழாயின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ இருந்தது. நகத்தால் எடுத்து முகர்ந்தேன். எங்கள் கடை வாடை. அந்த இடுக்கை முதல் நாள் பிரஷ்ஷால் நானே சுத்தம் செய்திருந்தேன்.

எழுந்தேன். மகனைக் கூப்பிட்டேன்.

"நடுவுல நீ இங்க வந்தியா?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரோ திரும்ப மெழுகு போட்டிருக்காங்க."

அவனும் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "அப்பா, என்னைத் திருடன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். வட்டமா தேய்ச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் சொன்னது சரி. என் மகளும் செய்திருக்க முடியாது. அவள் நடை பழகியதே எங்கள் கடையில் கார் பம்பரைப் பிடித்துக்கொண்டுதான். தூக்கத்தில் தேய்த்தாலும் அவள் கை நேராகத்தான் போகும். இது எங்கள் குடும்பத்துக் கை இல்லை. முதலில் எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"அண்ணா, காபி" என்று பின்னால் குரல் கேட்டது.

சம்பந்தியம்மா தட்டோடு நின்றார். நான் நின்ற இடத்தையும் என் நகத்து வெள்ளையையும் பார்த்தார். தட்டில் டம்ளர்கள் மெல்லப் பேசிக்கொண்டன. மகன் புரிந்துகொண்டு தெருமுனை வரை போய் வருவதாக நகர்ந்தான்.

"எந்தத் துணிம்மா?" என்று கேட்டேன்.

நான் எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "பழைய துண்டு. நல்லா வெளுத்துத்தான் எடுத்தேன். கோடு விழுந்துடுச்சா?"

"விழுந்திருக்கு."

அவர் தட்டை மதில்மேல் வைத்தார். "பதினோரு வாரம் முடிஞ்ச அன்னிக்கு ஒரு மழை வந்துச்சு அண்ணா. அதுக்கு முந்தின வாரம்கூட உங்க பக்கம் தண்ணி நின்னுச்சு. அன்னிக்கு நிக்கல, வழிஞ்சிடுச்சு. உங்க பொண்ணு ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே இருந்தா. அன்னிக்கு சாப்பிடல. கேட்டா தலைவலியாம். எனக்குத் தெரியாதா? நானும் இந்த வீட்டுக்கு வாழ வந்தவதான். எங்கப்பாவ இங்க ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னாரு. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் இந்தக் காதுல இருக்கு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ பஸ் ஏறினப்புறம்தான் செய்வேன். டிக்கியில நீங்க குடுத்த டப்பா இருந்துச்சு. மேல எழுதியிருந்தத படிச்சேன். மாசத்துக்கு ஒரு தடவை, மூணு தடவை போட்டேன்."

மூன்று மாதம் நான் வியந்து நின்றது இவருடைய கையைப் பார்த்து. மெழுகை வாழ்க்கையில் தொடாதவர். ஒரு இடத்தில் திட்டு இல்லை, ஒரு இடத்தில் விட்டுப்போகவில்லை. என் கடையில் ஆறு வருடம் வேலை செய்தவர்கள் இப்படிப் போட மாட்டார்கள்.

"டேப் இல்லாம எப்படிம்மா நடுக்கோட்டைத் தாண்டாம போட்டீங்க? ஒரு நூல்கூட அந்தப் பக்கம் போகலையே."

"தையல்காரிண்ணா நான். ஓரம் தப்பாது" என்றார், ஏதோ மிகச் சாதாரண விஷயம் போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொல்லிடாதீங்க. இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை தோக்கட்டும். வீட்டுக்குள்ள கொஞ்சம் காத்து வரும்."

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டால் அப்பாவின் வரி நிற்கும், பொய்யின் மேல் நிற்கும். உண்மையை முழுதாகச் சொன்னால், என் மகளுக்காக இரங்கிய ஒரே ஆள் தன் வீட்டு வாசலிலேயே தலைகுனிய வேண்டும்.

சம்பந்தி சாட்சிகளோடு இறங்கினார். என் மகள் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தாள். மகனும் வந்து சேர்ந்தான்.

"முதல்ல நம்ம பக்கம்" என்று சம்பந்தி செம்பை எடுத்து வலது பாதியில் ஊற்றினார். முத்துகள். முதல் நாள் எப்படியோ அப்படியே. இப்போது அதை மறைக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை. ஆறு மாதம் வெட்டவெளியில் காய்ந்து, நனைந்து, புழுதி சுமந்து, ஒரு முத்துகூடப் படுக்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப சம்பந்தி பக்கம்" என்று செம்பைச் சாய்த்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம் சம்பந்தி. என் பக்கம் ஆறு மாசம் நிக்கல. பதினோரு வாரத்துல போயிடுச்சு. அதுக்கப்புறம் திரும்பப் போட்டது இது."

டாக்ஸிக்காரர் மெல்ல விசிலடித்தார்.

"போட்டது யாரு?" என்றார் சம்பந்தி.

"மெழுகு எங்க கடையோடது. டப்பா நான் குடுத்தது. பொறுப்பும் என்னோடது. அதுக்கு மேல கேக்காதீங்க."

"அடேங்கப்பா!" சம்பந்தி செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். "இந்த வயசுல மதில் ஏறிக் குதிச்சு வந்தீங்களா? முழங்கால் என்ன ஆகும் சம்பந்தி? சொல்லியிருந்தா கேட்டைத் திறந்தே வெச்சிருப்பேனே!"

வேன் டிரைவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் மகன் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடினான். சம்பந்தியம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். உதடு அசைந்தது.

"சம்பந்தியம்மா, காபி ஆறுது" என்றேன். "எல்லாருக்கும் குடுங்க."

அவர் மதில்மேல் இருந்த தட்டைக் கையில் எடுத்தார், ஆனால் நகரவில்லை.

நான் கூனவில்லை. சிரிப்பு முடியும்வரை நேராக நின்று கேட்டேன். என் மகளின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. அப்பா திருடினார் என்று அவள் நினைப்பதை அவள் கண்ணில் படிக்கும் தைரியம் எனக்கில்லை. அவள் படியிறங்கிக் காரின் அருகே வருவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பானெட்டின் மட்டத்துக்குக் குனிந்தாள். வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருந்தது. ஒரு விரலால் ஒரு சுழியைத் தொடர்ந்து ஒரு முழு வட்டம் போனாள். நடுக்கோட்டின் ஓரத்தைப் பார்த்தாள், கத்தரித்தது போல நேராக இருந்ததை. அப்புறம் என்னைப் பார்க்காமல் மதிலோரம் நின்ற தன் மாமியாரைப் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு போய், தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடுங்கத்தை, நான் குடுக்கறேன். நீங்க உக்காருங்க."

சம்பந்திக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அவர் சாட்சிகளுக்குத் தன் பாட்டிலின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லட்டும், அது உண்மைதானே. காபியைக் குடித்துவிட்டு, "உங்க பாதி அருமை சம்பந்தி, இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல" என்றேன். கேலி செய்கிறேனா என்று என் முகத்தைத் தேடினார். கேலி இல்லை என்று தெரிந்ததும் ஏனோ அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்க பளபளப்பு எங்களுக்கு வராது" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் பெயின்டரை வரச்சொன்னேன். ஏணியில் ஏறி அப்பாவின் வரியை அவர் சுரண்டுவதைக் கீழே நின்று பார்த்தேன். உள்ளே போய் உட்காரலாம் என்றான் மகன். போகவில்லை.

பெயின்டர் சுரண்டி முடித்துத் திரும்பினார். "இந்த இடத்துல என்னங்க எழுதணும்?"

"எங்கள் மெழுகு வெயிலில் பதினோரு வாரம் நிற்கும்."

"பதினோரு வாரமா? அது என்னங்க கணக்கு, கோணல்மாணலா? மூணு மாசம்னு போட்டுட்டா பாக்க லட்சணமா இருக்கும்."

"மூணு மாசம் நிக்கலப்பா."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு பிரஷ்ஷைத் தோய்த்தார். பதினோரு வாரம் என்றால் எழுபத்தேழு நாள். தலைமயிரைவிட மெல்லிய ஒரு படலம், மூடாத வானத்தின் கீழ், எழுபத்தேழு பகல் சூரியனைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அதைச் செய்ய வல்லது என் மெழுகு என்று எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவன் நான். முதல் எழுத்து விழுந்ததும் தெருவில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திப் படித்தார், நான் அவரை நேராகப் பார்த்தேன்.